ஐயாவுக்கு ஒரு மிடறு தண்ணீர்

தம்பி,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. வழக்கமாக அம்மாவின் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் எழுதுவாய். இம்முறை எடுத்த எடுப்பிலேயே, "ஐயாவைக் கதிரையில் கட்டி வைத்திருக்கிறீர்களாம், ஒருவரையும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்க விடுகிறீர்கள் இல்லையாம், உண்மையா?" என்று கேட்டிருக்கிறாய். முடிவில், "தை மாதம் லீவில் வருவேன், வந்ததும் முதல் வேலையாக என் கையால் ஐயாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பேன், யார் மறிக்கிறார்கள் பார்ப்போம்" என்றும் எழுதியிருக்கிறாய். வாசித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடிதத்தை அடுப்பில் போடத்தான் குசினிக்குள் போனேன். போன இடத்தில் உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐயாவின் எழுத்தைப் போலவே சரிந்த எழுத்து. அந்த எழுத்தை இனி அவர் எழுதமாட்டார் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

பிழை என்னிலும் இருக்கிறது. அவர் விழுந்த நாள் தொடங்கி உனக்கு எழுதிய கடிதங்களில் "ஐயா அப்படியே இருக்கிறார்" என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டேன். கப்பலில், நடுக்கடலில் நிற்கிற பிள்ளைக்கு எதை எழுதுவது, எழுதி என்ன செய்யச் சொல்வது என்று நினைத்தேன். நான் எழுதாததை உன் மாமி எழுதியிருக்கிறாள். ஐயாவின் ஒரே தங்கை, தகப்பனும் தாயும் போனபிறகு அவர் தூக்கி வளர்த்த தங்கை, அவளுக்கு எழுத உரிமை இருக்கிறது. அவள் எழுதிய இரண்டும் உண்மைதான். கட்டித்தான் வைத்திருக்கிறேன். தண்ணீர் கொடுக்க விடுவதுமில்லை. ஏன் என்று சொல்கிறேன். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசிக்காதே, ஓரிடத்தில் இருந்து வாசி.

அன்று காலையில் உன் ஐயா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர், வாளியோடு அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தம் மட்டும்தான் வந்தது. பாரிசவாதம் என்று பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் வைத்த கூக்குரலுக்குச் சனம் கூடிவிட்டது. நெடுந்தீவில் ஒரு வீட்டில் கூக்குரல் கேட்டால் படலையைத் தேடிக்கொண்டு நிற்பார்களா, கல்வேலியில் ஏறிக் குதித்தல்லவா வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "எணேய், தொண்டை காயுதெல்லோ, தண்ணி குடுத்தியளோ?" மாமி ஓடிவந்து செம்பை எடுத்தாள். பாயில் மல்லாக்கக் கிடந்தவரின் தலையைப் பின்னுக்குச் சரித்து, வாயைப் பிரித்து, செம்பை உயரப் பிடித்து ஊற்றினாள். சொண்டில் செம்பு படவில்லை. எச்சில் படாமல் குடிக்கிறவருக்கு அப்படித்தானே கொடுக்க வேண்டும் என்று நானும் பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இருமவில்லை. தண்ணீர் உள்ளே போனது, அவர் பேசாமல் கிடந்தார். "பாருங்கோ மச்சாள், அண்ணை என்ன வடிவாக் குடிக்கிறார்" என்றாள் மாமி. எனக்கும் அது நல்ல குறியாகத்தான் பட்டது. துறைக்குக் கொண்டுபோனோம். அங்கே நின்றவர்கள் சோடா உடைத்து ஊற்றினார்கள். உன் ஐயா எத்தனை வருடம் தண்டலாக நின்று லாஞ்ச் ஓட்டிய துறை அது! அவருடைய குரல் கேட்டுத்தான் அங்கே சனம் ஓடிவந்து ஏறும். அந்த லாஞ்சில் அவரைச் சாமான் போல மல்லாக்கக் கிடத்திக் கடலைக் கடந்தோம். வழியில் முகத்தில் கடல்தண்ணீர் தெறிக்க, ஒருவர் துடைக்க, இன்னொருவர் போத்தலைச் சரிக்க, எல்லாரும் தங்கள் பங்குக்கு ஒரு மிடறு. அன்பில்லாதவர் அந்த லாஞ்சில் ஒருவரும் இல்லை. அன்புதான் அவரை அன்று கொல்லப் பார்த்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பது போலச் சத்தம். மூச்சு ஓடி ஓடி வாங்கியது. "கடல்காத்துப் பிடிச்சிட்டுது" என்றார்கள் கூட வந்தவர்கள். நானும் ஓமென்றேன். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இவர் தண்ணி விழுங்கேக்கை இருமிறவரோ?"

"இல்லை டொக்டர், ஒருக்காலும் இருமேல்லை. நல்லாக் குடிக்கிறார்."

"அதுதான் பிழை. இவருக்குத் தொண்டையிலும் பாரிசவாதம். குடிக்கிற தண்ணி வயித்துக்குப் போகேல்லை, நெஞ்சுக்குள்ளை சுவாசப்பைக்குப் போகுது. போறதெண்டு அவருக்கே தெரியேல்லை. இது நியூமோனியா."

இருமினால் ஆபத்து, இருமாவிட்டால் சுகம் என்றுதானே நாங்கள் பிறந்தநாள் தொட்டு நினைத்திருக்கிறோம். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது நீதான். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. குவளையில் வாய் வைத்துக் குடித்தாய் என்று ஐயா உன்னைக் குசினி வாசலில் நிறுத்தி, "மேல பார். வாயைத் திற. சொண்டு படப்படாது" என்று செம்பால் ஊற்றினாரே. உனக்குப் புரைக்கேறி, மூக்காலும் தண்ணீர் வந்து, கண் சிவந்து, இருமி இருமித் துள்ளினாய். "பிள்ளையைக் கொல்லப்போறியளோ!" என்று நான் அகப்பையோடு ஓடிவந்தேன். "இருமட்டும் விடும், இருமித்தான் பழகும்" என்று அவர் சிரித்தார். தம்பி, அன்று நீ இருமினாய். உன் தொண்டைக்குள் ஒரு காவல்காரன் இருந்தான், வழி மாறி வந்த தண்ணீரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். ஐயாவின் தொண்டையில் அந்தக் காவல்காரன் கிணற்றடியிலேயே விழுந்துவிட்டான். அதுதான் வித்தியாசம். அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

அவர் அந்தமுறை தப்பினார். மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். இடது கையால் அதைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தார். அவருக்கு இந்த நியூமோனியா வருத்தம் திரும்பித் திரும்பி வரக்கூடும் என்று டொக்டர் சொன்னார். ஏன் இவருக்கு மட்டும் என்று நான் கேட்டேன். வயது, சலரோகம் என்கிற சீனி வருத்தம், இத்தனை வருடம் இழுத்த சுருட்டு என்று டொக்டர் சொல்லிக்கொண்டு போனார். சுருட்டு என்றதும் எனக்கு ஒரு பக்கம் திருப்தியாகக்கூட இருந்தது, அந்தச் சுருட்டுக்காக நான் பிடித்த சண்டை கொஞ்சமா. பிறகு சொன்னவைதான் என் கைக்குள் இருந்தவை. படுத்த படுக்கையில் விடக்கூடாது. மல்லாந்து கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், வாயில் ஊறும் எச்சில்கூடத் தானாக உள்ளே இறங்கும். தூக்கம் கலையாமல் அரைக்கண்ணில் இருக்கும்போது ஒன்றும் கொடுக்கக்கூடாது. வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பல்லிடுக்கில் அழுகுவதுதான் எச்சிலோடு நெஞ்சுக்குப் போய்ப் புண்ணாக்குமாம். தண்ணீரைப் போல ஓடுகிற எதையும் ஊற்றக்கூடாது. இதெல்லாம் எனக்கு ஒரே நாளில் விளங்கியது என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்து, அவர் தொண்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன்.

வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தச் சாய்மனைக் கதிரை. வந்த நாள் எல்லாரும் அவரைத் தூக்கி அதில்தான் விட்டார்கள். இருக்கிறார்தானே என்று பார்த்தால், அது இருப்பு இல்லை, படுப்பு. தலை பின்னுக்குச் சாய்ந்து, வாய் வானத்தைப் பார்த்துத் திறந்துகிடந்தது. நான் அதை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டு, உன் படிப்பு மேசைக்குப் போட்டிருந்த கைபிடி வைத்த மரக்கதிரையை எடுத்தேன். நிமிர்த்தி இருத்தினால் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தார். அதனால் என் பழைய நூல்சேலையை நான்காக மடித்து, நெஞ்சோடு சேர்த்துக் கதிரையில் கட்டினேன். அந்த நீலச் சேலைதான், உன்னைக் கப்பலுக்கு வழியனுப்ப வந்தபோது உடுத்தியிருந்தது. பார்த்துவிட்டுப் போனவர்கள் ஊர் முழுக்கச் சொன்னார்கள், "தண்டலை ஆடு கட்டினமாதிரிக் கட்டி வைச்சிருக்கிறா" என்று.

தண்ணீர் கொடுப்பதில்லை என்பதும் அந்த மாதிரித்தான். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுப்பதில்லை. கூவைக்கிழங்கு மா கரைத்துக் காய்ச்சி, கரண்டியில் நிற்கிற பதத்தில் கொடுக்கிறேன். தேத்தண்ணீரும் அப்படித்தான். "இதென்ன மச்சாள், தேத்தண்ணியோ, கடுதாசி ஒட்டுற பசையோ?" என்று மாமி முகத்தைச் சுளித்தாள். ராசவள்ளிக்கிழங்கைப் பாலும் சீனியும் விட்டு மசித்துக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவார். உழுத்தம்மாக் களி வழுக்கிக்கொண்டு இறங்கும். பிட்டுக்குத்தான் கண் கலங்குவார், ஆனால் அது உதிர்ந்து தொண்டையில் நிற்கும், கொடுக்க ஏலாது. ஒவ்வொரு கரண்டிக்கும் நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, இடப்பக்கத்தால் வைத்து, தொண்டைக் குமிழ் ஏறி இறங்கும்வரை காத்திருந்து, பிறகு வலது கன்னக் கொடுப்புக்குள் விரல் விட்டு ஒதுங்கிக் கிடப்பதைத் தோண்டி எடுக்க வேண்டும். சீலைத்துண்டை விரலில் சுற்றி உப்புத்தண்ணீரில் தோய்த்துப் பல்லைத் துடைத்தால் கடித்துவிடுவார். என் இடது கை ஆட்காட்டி விரலைப் பார்த்தால் உனக்குத் தெரியும். ஒரு கோப்பைக் கஞ்சி இறங்க உச்சி வெயில் சாய்ந்துவிடும்.

இன்னொன்று, அவர் கதைப்பது. மாமி எழுதியிருப்பாள், "அண்ணை தண்ணி கேக்கிறார்" என்று. அவர் கேட்பதில்லை தம்பி. அவருக்கு மிஞ்சியது ஒரு சொல்தான். ஓம். எதைக் கேட்டாலும் ஓம். "தேத்தண்ணி வேணுமோ அண்ணை?" ஓம். "பசிக்குதோ?" ஓம். "பசிக்கேல்லையோ?" ஓம். நான் சொன்ன எதையாவது இந்த மனுசன் ஒருநாளாவது ஒத்துக்கொண்டதுண்டா? மழை வரும் என்றால் வராது என்பார். உப்புக் கூட என்றால் குறைவு என்பார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு எங்கள் வீட்டில் நடந்தது குடும்பமா, வழக்காடு மன்றமா என்று நீயே கேட்டிருக்கிறாய். இப்போது நான் என்ன சொன்னாலும் ஓம். ஒருநாள் கோபத்தில், "என்னோடை இருந்து உங்களுக்குக் காணும் எண்டு போச்சுதோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. சிரித்து முடிந்து திரும்பிப் பார்த்தால், அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

ஒருவரும் இல்லாமல் போனதற்குக் காரணத்தையும் கேள். போன வாடைக்காற்றுத் தொடங்கிய நேரம். அவருக்கு இலேசாகச் சளி. சளி என்றால் எங்கள் சனத்துக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? யன்னலைச் சாத்து, போர்த்து, படுக்க வை, கொத்தமல்லியும் இஞ்சியும் வேர்க்கொம்பும் அவித்துச் சுடச்சுடக் குடிக்கக் கொடு, சளி கரையும். உனக்கும் எனக்கும் கரையும். அவருக்கு அந்தக் குடிநீரே நெஞ்சில் சளியாகும். சளி கூடக்கூட இன்னும் குடிநீர், குடிநீர் கூடக்கூட இன்னும் சளி. இதை நான் மாமிக்கு எத்தனை தரம் சொன்னேன்! "உவ பெரிய டொக்டர்" என்று முணுமுணுத்தாள். நான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, சேலைக்கட்டை அவிழ்த்து, அவரைச் சாய்மனைக் கதிரைக்கு மாற்றி, தலையை அண்ணாத்திச் செம்பால் குடிநீரை ஊற்றியிருக்கிறாள். நான் வாளியோடு வரும்போது செம்பு வெறுமையாக இருந்தது. "பாருங்கோ மச்சாள், முழுக்கக் குடிச்சிட்டார், ஒரு இருமல்கூட இல்லை" என்று முகமெல்லாம் பூரிப்பு. அவள் கண்ணில் கண்ணீரும் நின்றது. அண்ணனுக்கு இவ்வளவு நாளுக்குப் பிறகு தன் கையால் கொடுத்த சந்தோஷம்.

காய்ச்சல் அடுத்த நாளே பிடித்துக்கொண்டது. கடல் பொங்கி லாஞ்ச் ஓடவில்லை. நம்முடைய தீவு ஆஸ்பத்திரி டொக்டர்தான் வீட்டுக்கு வந்து வந்து ஊசி போட்டார். நான் ஐயாவின் முதுகில் தட்டித் தட்டி, பக்கம் மாற்றி மாற்றிக் கிடத்தி, ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் மாமி மறுபடியும் செம்போடு வந்தாள். நான் செம்பைப் பறித்து முற்றத்தில் எறிந்தேன். அயல்சனம் பார்க்கப் பார்க்க, "உன்ரை அண்ணையைக் கொல்லவோ வந்தனி? இனி இந்தப் படலை மிதியாதை!" என்று கத்தினேன். அவள் செம்பைக் குனிந்து எடுத்து, சேலையால் மண்ணைத் துடைத்து, திண்ணையோரம் கூட வைக்காமல் என் கையிலேயே தந்துவிட்டுப் போனாள். ஐயா பிழைத்தார். என் சொல்லும் பிழைத்துக்கொண்டது, அது இன்னும் ஊரில் உலாவுகிறது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வரவை நிறுத்தினார்கள். வருத்தக்காரனைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு வந்து, ஒன்றும் பருக்காமல், சும்மா பார்த்துவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கமில்லையே. கொண்டுவந்ததைக் கொடுக்கக்கூடாது என்றால் எதற்கு வருவது என்று நினைத்திருப்பார்கள். அவர்களிலும் பிழை சொல்ல ஏலாது.

தனிமை என்றால் என்னவென்று நீ கப்பலில் அறிந்திருப்பாய். அங்கே சுற்றிலும் கடல். இங்கே சுற்றிலும் கல்வேலி. காற்றடித்தால் பனையோலைச் சத்தம், அது நின்றால் அவருடைய மூச்சுச் சத்தம். றேடியோவில் செய்தி வாசிக்கிறவனோடு நான் இப்போது சண்டை பிடிக்கிறேன், நம்புவாயா? அவனாவது மறுத்துப் பேசுகிற மாதிரிப் பேசுகிறான். ஒருமுறை கடைக்காரரிடம் மாமிக்குச் சொல்லியனுப்பினேன், வந்து போகச் சொல்லி. "கலைச்சவவுக்கு வாய் இருக்கு, கால் இருக்கு. வந்து கூப்பிடட்டும்" என்று பதில் வந்தது. அவள் சொன்னதில் நியாயம் உண்டு. துரத்திக் கலைத்த வீட்டார் நேரில் போய்க் கூப்பிடாமல் கோபம் தீராது, ஆள்விட்டுக் கூப்பிடுவது இன்னொரு அவமானம். ஆனால் நான் எப்படிப் போவேன்? அவள் வீடு தீவின் அந்தக் கரையில். போய், இருந்து, அழுது, சமாதானமாகி வருவதற்கு அரைநாள் வேண்டும். கிணற்றடிக்குப் போய்வரும் நேரத்துக்குள்ளேயே அவர் கதிரையில் வழுக்கித் தலை பின்னுக்குப் போய்விடுகிறது. அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போக?

இனிச் சொல்லப்போவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு காலையில், அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் கஞ்சி எடுக்கப் போனவள் குசினிக்குள் விழுந்துவிட்டேன். தலைச்சுற்று. கண்ணுக்கு முன்னால் எல்லாம் மஞ்சளாகி, எழும்பப் பார்த்தால் கையில் பலமில்லை, கூப்பிடப் பார்த்தால் குரலில்லை. எனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். சாகப் பயமில்லை தம்பி. நான் இங்கே கிடந்தால் அவரை யார் நிமிர்த்துவார்கள் என்ற பயம். வாசல் வழியாக அவருடைய காலை மட்டும் பார்த்தேன். கால் மெல்ல மெல்ல முன்னுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் தலை பின்னுக்குப் போகிறது. அவருடைய மூச்சில் அந்தக் கொதிக்கிற சத்தம் தொடங்கியது.

அப்போது படலையில் ஒரு குரல். "மச்சாள்... மச்சாள்..." உன் மாமிதான். கலைத்த நாளுக்குப் பிறகு முதல் தரம் வந்திருக்கிறாள். எதற்கு வந்தாளோ, வழியால் போனவள் மனம் கேளாமல் நின்றாளோ, தெரியாது. மிதியாதே என்றேன் அல்லவா, படலைக்கு வெளியே நின்றுதான் கூப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அவள் மறுபடியும், "மச்சாள், நான் வந்து நிக்கிறன்" என்றாள். அப்போது கதிரையிலிருந்து ஐயா பதில் சொன்னார். "ஓம்" என்றார். ஒரு காலத்தில் துறையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடல் வள்ளத்துக்குக் கேட்கும் குரல். அது முற்றத்தைத் தாண்டவில்லை. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு செருப்புச் சத்தம் தூரப் போனது. வீம்பில் வாய் திறக்காமல் உள்ளே இருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

கனநேரம் கழித்து நான் ஊர்ந்து போய் அவரை நிமிர்த்தினேன். வாயைத் துடைத்து, முதுகில் தட்டினேன். அந்தமுறை காய்ச்சல் வரவில்லை, அம்மாளாச்சி காப்பாற்றினா. எனக்கும் கை கால் வழங்குகிறது. இரத்த அழுத்தம் என்று டொக்டர் குளிசை தந்திருக்கிறார். ஆனால் அன்று தொட்டு எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அவருக்கு இந்த வருத்தம் வருவதற்கு டொக்டர் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் நான் அடைத்துக்கொண்டு வந்தேன். சொல்லாத ஒன்று இருந்தது. அவருக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது. அதை உண்டாக்கியவளும் நான்தான்.

ஆகவே, கோபிக்காமல் கேள். தையில் வா. வந்து உன் கையால் ஐயாவுக்குக் கொடு, நான் மறிக்கமாட்டேன். செம்பால் இல்லை. கரண்டியையும் அவருக்குப் பக்கத்தில் நான் இருக்கிற கதிரையையும் உனக்குத் தருகிறேன். நாடி கீழே இருக்கட்டும், ஒரு கரண்டி இறங்கியபிறகு மறு கரண்டி. கொடுத்து முடிந்ததும் உடனே சாய்த்துவிடாமல் நிமிர்ந்தபடியே இருக்க விடு, பக்கத்தில் இருந்து உன் கப்பல் கதைகளைச் சொல். எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். நீ என்ன செய்தாலும் சரியென்று சொல்லும் ஐயாவை நீ பார்த்ததில்லை, உனக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனால் தைக்கு முன்னம் வாடை வருகிறது. அதுவரை உன் வரவுக்காகப் பார்த்திருக்க ஏலாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாமிக்கு எழுது. நீ இந்த வீட்டுப் பிள்ளை, நீ கூப்பிட்டால் நான் நேரில் போய்க் கூப்பிட்டதற்குச் சமம், அதை அவள் தட்டமாட்டாள். வரட்டும், நான் கரண்டி பிடிக்கப் பழக்குகிறேன். என்னை விடப் பொறுமைக்காரி, என்னை விட நன்றாகவே கொடுப்பாள். ஐயாவிடமும் கேட்டேன், "தங்கச்சியைக் கூப்பிடவோ?" என்று. ஓம் என்றார். அந்த ஒரு ஓமை நான் நம்புகிறேன். இதே தீவின் அந்தக் கரைக்குப் போகவேண்டிய ஒரு செய்தி, லாஞ்சில் ஏறி, கொழும்புக்குப் போய், நீ நிற்கிற ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வரவேண்டியிருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அன்று மச்சாள் பேசாமல் இருந்தது வீம்பில் இல்லை, குசினி நிலத்தில் குரல் வராமல் கிடந்தா என்று எழுது. அண்ணை ஓம் என்றவர், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று எழுது. படலைக்குக் கொளுக்கி போடுவதில்லை, கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், தள்ளினால் திறக்கும் என்றும் எழுது.

அம்மா